பெயரை உரக்கக் கேட்கும் மகனுக்கு

தினேஷ்,

நேற்று சாப்பிடும்போது நீ சொன்னதற்கு நான் பதில் சொல்லவில்லை. "உன்ன இப்டி விட்டுட்டு நான் எங்கயும் போறதா இல்லம்மா" என்றாய். சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாய். என்னிடம் பதில் இல்லாமல் இல்லை. பேசக் களைப்பாக இருந்தது. இப்போதெல்லாம் ஒரு பேச்சை ஆரம்பித்து முடிக்கும்வரை நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதே எனக்குப் பெரிய வேலையாகத் தெரிகிறது. நடுவில் நீ ஒன்று சொல்வாய், நான் ஒன்று சொல்வேன், உன் அப்பா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு அவர் பங்குக்கு ஒன்று சொல்வார், கடைசியில் என்ன சொல்ல வந்தோம் என்பதே மறந்துபோகும். எழுதினால் யாரும் குறுக்கே பேச முடியாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

வருகிற திங்கட்கிழமை நீ மதுரையில் வேலையில் சேர வேண்டும். பெரிய மருத்துவமனை, தீவிர சிகிச்சைப் பிரிவு, நீயே எழுதி நீயே பேசி வாங்கிய வேலை. என் முழங்கால் ஆபரேஷனுக்கு டாக்டர் நாள் குறித்திருப்பது அதற்கு அடுத்த வாரம். இரண்டும் இப்படி ஒட்டிக்கொண்டு வரும் என்று யார் கண்டது? மதுரையை விட்டுவிடுகிறேன் என்கிறாய். இங்கேயே பூந்தமல்லியில் ஏதாவது ஒரு நர்சிங் ஹோமில் சேர்ந்துகொள்கிறேன் என்கிறாய். உன் நல்ல மனசு எனக்குத் தெரியும். ஆனால் இதில் நல்ல மனசு மட்டும்தான் இருக்கிறதா, பழைய பயமும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம். அதனால் நீ நர்சிங் இரண்டாம் வருடம் படித்தபோது நடந்ததை நான் ஒருமுறை எழுத வேண்டியிருக்கிறது. உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நான் அதைப் பார்த்த இடம் வேறு.

நீ சின்ன வயதிலிருந்தே எதற்கும் தலையாட்டுகிற பிள்ளை. "புரிஞ்சுதாடா?" என்று கேட்டால் புரிந்தாலும் புரியாவிட்டாலும் "ம்" என்பாய். ஸ்கூலில் டீச்சர்கள் எல்லோருக்கும் உன்னைப் பிடிக்கும், தொந்தரவே தராத பையன் என்பார்கள். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்து விழுகிறவளுக்குத் தொந்தரவு தராத பிள்ளை என்றால் கசக்குமா? அந்த "ம்" எதை மூடி வைத்திருக்கிறது என்று பார்க்க எனக்கு நேரமும் இல்லை, தெம்பும் இல்லை.

நர்சிங் சேருகிறேன் என்று நீயாகத்தான் சொன்னாய். நான் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சேர் என்றும் சொல்லவில்லை. அந்த வேலை உடம்பை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். பூந்தமல்லி ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக வேலை பார்த்த வருடங்களில் சோறு ஆறிப்போகாமல் சாப்பிட்ட நாள் அபூர்வம். மதியச் சாப்பாட்டை நாலு மணிக்கு நின்றபடியே சாப்பிட்டிருக்கிறேன். பாத்ரூம் போக நேரமில்லை என்று தண்ணீர் குடிக்காமலே ஷிப்டை ஓட்டியிருக்கிறேன். நோயாளி எவ்வளவு குடித்தார், எவ்வளவு வெளியேறியது என்று சார்ட்டில் எழுதுகிற கைதான் அது. தன்னைப் பற்றி மட்டும் ஒரு வரி எழுதாது. வீட்டுக்கு வந்ததும் பசி செத்துப்போயிருக்கும். ஒரு டம்ளர் டீ, இரண்டு பிஸ்கட், படுக்கை. நீ அதைப் பார்த்துத்தான் வளர்ந்தாய். நர்ஸ் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் போல என்று உனக்குத் தோன்றியிருந்தால் அதில் ஆச்சரியம் இல்லை.

காலேஜில் முதல் வருடம் எப்படியோ ஓடியது. பெண்கள் நிறைந்த வகுப்பில் விரல் விட்டு எண்ணக்கூடிய பையன்கள், எல்லாம் இங்கிலீஷ், நீ தமிழ் மீடியத்திலிருந்து போனவன். தெருவில் உன் கிரிக்கெட் கூட்டாளிகள் "இன்னா சிஸ்டரு, எனுக்கு ஒரு ஊசி போடேன்" என்று கத்துவதை நானே மாடியிலிருந்து கேட்டிருக்கிறேன். நீ சிரித்துக்கொண்டு வந்துவிடுவாய். பிறகு விளையாடப் போவதை நிறுத்திக்கொண்டாய். படிக்க நிறைய இருக்கிறது என்றாய். போனும் கையுமாக அறைக்குள்ளேயே இருந்தாய். காலையில் தூங்கி எழ முடியாமல் எழுந்து, வாயில் ஒன்றும் போடாமல் ஓடுவாய். திருவேற்காட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு குமணன்சாவடி, அங்கிருந்து காலேஜ் பஸ். டிபன் பாக்ஸ் திறக்காமலே திரும்பி வரும். கேட்டால் "கேன்டீன்ல சாப்ட்டேன்மா" என்பாய். சட்டைக் காலர் கழுத்தில் நிற்காமல் தொளதொளவென்று ஆனதை நான் பார்த்தேன். வளர்கிற வயது என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் வருடத்தில் ஒரு நாள் வகுப்பு முன்னால் நின்று ஒரு நோயாளியைப் பற்றி இங்கிலீஷில் விளக்கச் சொன்னார்களாம். உனக்குக் குரலே எழும்பவில்லையாம். பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்களாம். இதை நீ எனக்குச் சொன்னது ரொம்ப நாள் கழித்துத்தான். அந்த நாளோடு நீ ஒரு முடிவுக்கு வந்துவிட்டாய்: வாயைத் திறந்தால்தானே தெரியும், திறக்காமலே இருந்துவிடலாம். டீச்சர் சொன்னது காதில் விழவில்லை என்றால்கூட "இன்னொரு தரம் சொல்லுங்க" என்று கேட்க மாட்டாய். கேட்டால் முட்டாள் என்று நினைப்பார்கள். பக்கத்தில் நிற்கிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து அதையே செய்துவிடுவாய்.

அப்படித்தான் அந்தக் காலை நடந்தது.

ஆண்கள் மெடிக்கல் வார்டில் உனக்குப் பயிற்சிப் போஸ்டிங். அந்த வார்டில் இரண்டு முருகேசன்கள் இருந்தார்கள். ஒருவருக்குச் சர்க்கரை, இன்சுலின் போட வேண்டும். இன்னொருவர் காய்ச்சலுக்கு வந்த வயசாளி, அயனம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் பழைய குடும்பம், ஒரு காலத்தில் நிலம் வைத்திருந்தவர்கள். அவருக்குச் சர்க்கரையே கிடையாது. இரண்டு நாளாகக் கஞ்சிகூட இறங்காமல் கிடந்தார். ஸ்டெல்லா சிஸ்டர்தான் அன்றைக்கு வார்டு இன்சார்ஜ். இன்சுலினை ஊசியில் ஏற்றி ட்ரேயில் வைத்து உன்னிடம் நீட்டி, "முருகேசனுக்குப் போடணும், வா" என்று பெட் நம்பரும் சொல்லியிருக்கிறார். கூடவே வரத்தான் கிளம்பினார். அதற்குள் கடைசி பெட்டில் ஒருவருக்கு மூச்சுத் திணற, டாக்டர் சத்தம் போட்டுக் கூப்பிட, அவர் ஓடினார். பெட் நம்பர் மூன்றா பதிமூன்றா என்று உனக்குச் சரியாகக் காதில் விழவில்லை. அவர் வரும்வரை நின்றிருக்கலாம். பின்னாலேயே போய்க் கேட்டிருக்கலாம். நீ கேட்கவில்லை. மூன்றாவது பெட்டுக்குப் போனாய். "முருகேசனா?" என்று வாய்க்குள் முனகினாய். அரைத் தூக்கத்தில் இருந்த பெரியவர் "ம்" என்றார். உன்னைப் போலவே அவரும் ஒரு "ம்". ஊசியைப் போட்டுவிட்டாய்.

முந்தின நாள் மதியத்துக்குப் பிறகு உன் வயிற்றில் டீயும் பிஸ்கட்டும் தவிர வேறொன்றும் இல்லை. சரியாகத் தூங்கவும் இல்லை. எழுத்தெல்லாம் மிதக்கிற மாதிரி இருந்தது என்று பிறகு சொன்னாய். ட்ரேயை வைக்கத் திரும்பி வந்தபோது மேஜை மேல் பெரியவரின் சார்ட் கிடந்தது. அதில் சர்க்கரை என்று எங்கேயும் இல்லாததைப் பார்த்தாய்.

அந்த இடத்தை நான் எத்தனையோ தடவை மனதுக்குள் பார்த்திருக்கிறேன். யாரும் உன்னைக் கவனிக்கவில்லை. ஸ்டெல்லா சிஸ்டர் கடைசி பெட்டில். உன் கூடப் படிக்கிற பிள்ளைகள் பெட்ஷீட் மாற்றிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறார். நீ ஒன்றும் சொல்லாமல் கையைக் கழுவிக்கொண்டு நின்றிருந்தால், கொஞ்ச நேரத்தில் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி, அவர் வியர்த்துக் கொட்டி நினைவு தப்பியிருப்பார். காய்ச்சல்காரர், வயசானவர், இரண்டு நாளாகச் சாப்பிடாதவர். எல்லோரும் அதைத்தான் காரணமாகச் சொல்லியிருப்பார்கள். உன் பெயர் எங்கேயும் வந்திருக்காது. எத்தனையோ வார்டுகளைப் பார்த்தவள் சொல்கிறேன், அந்த இடத்தில் கால் நகராமல் நின்றுவிட்டவர்கள் உண்டு. கெட்டவர்கள் இல்லை அவர்கள். பயந்தவர்கள்.

"கால் நகரவே இல்லம்மா. அப்புறம் எப்டி போனேன்னு எனக்கே தெரில" என்றாய் என்னிடம். ஸ்டெல்லா சிஸ்டரிடம் போய் நின்று சொல்லியிருக்கிறாய். முதல் தடவை அவர் காதில் விழவில்லை, "அப்புறம் வா" என்று கையைக் காட்டியிருக்கிறார். இரண்டாம் தடவை வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தியிருக்கிறாய். "சிஸ்டர், தப்பான ஆளுக்கு இன்சுலின் போட்டுட்டேன்!"

மூன்று வாக்கியம் பேசத் தெரியாத பிள்ளை என்று எல்லோரும் நினைத்திருந்தவன் கத்திய கத்தலைப் பற்றி ஸ்டெல்லா சிஸ்டரே பிறகு என்னிடம் சொன்னார். அவர் ஓடினார், டாக்டர் ஓடி வந்தார், விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள், இறங்க ஆரம்பித்திருந்தது. குளுக்கோஸ் ஏற்றினார்கள். சாயங்காலம் வரை விரலில் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நடுவில் ஒருமுறை அவருக்கு உடம்பெல்லாம் நடுங்கி வார்த்தை குழறியது. பிறகு தெளிந்துவிட்டார்.

எனக்குக் காலேஜிலிருந்து போன் வந்தபோது நான் டியூட்டியில் இருந்தேன். யூனிபார்மோடு ஆட்டோ பிடித்து வந்தேன். வார்டுக்கு வெளியே பெஞ்சில் நீ உட்கார்ந்திருந்தாய். சட்டையில் இரண்டு பட்டன் இல்லை. பெரியவருடைய மகள் கஸ்தூரி உன் சட்டையைப் பிடித்து உலுக்கியதில் போனது. நான் வந்தபோதும் அந்தப் பெண் கத்திக்கொண்டுதான் இருந்தாள். "எங்க நைனாவ கொல்லத்தான் உங்களுக்கு இந்தப் படிப்பா? ஜொரம்னு இட்டாந்தேன். நல்லா பேசிகினு இருந்த மனுசன்! எதுனா ஆயிருந்தா யார் பதில் சொல்றது? நீ சொல்லுவியா?" என்றாள். என் யூனிபார்மைப் பார்த்ததும் என்னிடமும் திரும்பினாள். "நீ இன்னா, இவனுக்கு வக்காலத்தா?" நான் அவன் அம்மா என்றேன்.  அவள் "எனுக்கு கீறது ஒரே நைனா" என்று சொல்லி அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள்.  அவள் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை.

உன்னிடம் வந்து, என்னென்னவோ கேட்க நினைத்து, கடைசியில் "சாப்ட்டியா?" என்றுதான் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாய். கேன்டீனில் இருந்த தயிர்சாதத்தை வாங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைத்தேன். ஸ்பூன் காலித் தட்டைச் சுரண்டும்வரை நீ நிமிரவில்லை.  அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாய். "இனிமே போக மாட்டேன். எனக்கு இது வராது" என்றாய்.  எனக்கும் அன்றைக்கு அப்படித்தான் தோன்றியது. விட்டுவிடட்டும், ஏதாவது கடையில் உட்காரட்டும், உயிரோடு விளையாடாத வேலை எத்தனையோ இருக்கிறது. ஆவடி ஃபேக்டரியில் ஷிப்ட் முடிந்து வந்த உன் அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். செருப்பைக்கூடக் கழற்றாமல் உன் கட்டிலில் உட்கார்ந்தார். "படிக்கிறதும் படிக்காததும் உன் இஷ்டம்டா. ஆனா அந்தப் பெரியவரு எப்டி கீறாருன்னு நாளைக்கு நேர்ல போய்ப் பாத்துட்டு வா. அத யாரும் உனுக்காகப் போய்ப் பாக்க முடியாது" என்றார். வாழ்க்கையில் உன் அப்பா சொன்ன பல விஷயங்களோடு நான் சண்டை போட்டிருக்கிறேன். அதோடு போடவில்லை.

மறுநாள் நீ போனாய். உருப்படியாக இரண்டு இட்லி உள்ளே தள்ளிவிட்டுத்தான் அனுப்பினேன். அதுதான் ஆரம்பம். நீ போய் நின்றதும் பெரியவர் உன்னை ஏற இறங்கப் பார்த்து, "நீதானா அந்த ஆளு? எனுக்கு நீ ஊசி போடாத. தொடவும் தொடாத. வேற யாரனா வரச் சொல்லு" என்றாராம். மன்னிப்புக் கேட்டாயாம். "அத நீயே வெச்சிக்கோ" என்றாராம். கதைகளில் வருகிற பெரியவர்கள் தோளில் தட்டிக் கொடுப்பார்கள். இவர் அப்படி இல்லை. பயந்துபோன மனிதர். உன்னைப் பார்த்தாலே கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்வார்.

காலேஜில் எழுத்தில் விளக்கம் வாங்கினார்கள். அந்தப் போஸ்டிங்கை முதலிலிருந்து மறுபடி முடிக்க வேண்டும் என்றார்கள், அதே வார்டில். ஸ்டெல்லா சிஸ்டருக்கும் மெமோ வந்தது. ஸ்டூடன்ட்டைத் தனியாக விட்டதற்கு. அதற்காக அவர் உன்னிடம் நல்ல முகம் காட்டவில்லை. ஆனால் பிரின்சிபால் அறையில், நானும் இருந்தேனே, "அவனா வந்து சொன்னான் மேடம். அதாலதான் அவர் இன்னிக்கு கஞ்சி குடிக்கிறாரு" என்று சொன்னவரும் அவர்தான்.

பிறகு நடந்ததைத்தான் நான் யாரிடமும் சரியாக விளக்க முடிந்ததில்லை. நாலைந்து நாள் போனபின் ஒரு காலை வேறு யாரும் பக்கத்தில் இல்லை, பெரியவருக்கு மாத்திரை கொடுக்க வேண்டும். ஸ்டெல்லா சிஸ்டர் உன்னைக் கூட்டிக்கொண்டு போனார். பெரியவர் எழுந்து உட்கார்ந்து, "இரு. மொதல்ல எம் பேரு இன்னான்னு கேளு" என்றாராம். நீ மெதுவாகக் கேட்டாய். "காதுல உயல. சத்தமா கேளு" என்றாராம். "உங்க பேர் என்ன ஐயா?" "முருகேசன். அப்பா பேரு சின்னசாமி. அயனம்பாக்கம். எனுக்கு சக்கர கெடியாது. எழுதிக்கோ." எல்லாம் கேட்டபின்தான் கையை நீட்டினாராம். அன்றிலிருந்து அவர் டிஸ்சார்ஜ் ஆகும்வரை தினமும் அதே கூத்து. ரத்த அழுத்தம் பார்க்கப் போனாலும் பெயர், ஜுரம் பார்க்கப் போனாலும் பெயர். வார்டில் மற்றவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு அவர்களும் ஆரம்பித்தார்கள். நீ வார்டுக்குள் நுழைந்தாலே பெட் பெட்டாக அவரவர் பெயரைக் கத்துவார்கள் என்று வந்து சொன்னாய். அப்போது நீ சிரித்தாய். எத்தனையோ மாதம் கழித்து நான் பார்த்த முதல் சிரிப்பு. அந்த மனிதர் உனக்குப் பாடம் சொல்லித்தர நினைத்ததாக நான் நம்பவில்லை. அவருக்கு உயிர் மேல் பயம், அவ்வளவுதான். போகும்போதுகூட உன்னிடம் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லாமல்தான் போனார். ஆனால் தினமும் அத்தனை பேர் முன்னால் உரக்கக் கேட்டுக் கேட்டு உனக்குத் தொண்டை திறந்துவிட்டது.

அதன்பிறகு நீ சொக்கத்தங்கமாக மாறிவிட்டாய் என்று எழுத மாட்டேன். தேர்வு வந்தால் மறுபடி டீயும் பப்ஸும்தான். போனைச் சமையலறையில் வைத்துவிட்டுப் படுக்க வேண்டும் என்று பேசி வைத்தோம். அதை நீ எத்தனை தடவை மீறினாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் காலையில் சாப்பிடாமல் வார்டுக்குள் கால் வைப்பதில்லை என்பதை மட்டும் விடவில்லை. காலேஜ் வாலிபால் கூட்டத்தில் சேர்ந்தாய். என் வார விடுமுறைகளில் அயனம்பாக்கம் ஏரிக்கரையில் இருவரும் நடந்தோம். நான் மூச்சு வாங்கி நிற்பேன், நீ நின்று என் காலைப் பார்ப்பாய். "செருப்பப் போட்டுகினு யாராவது நடப்பாங்களாம்மா?" என்று திட்டி அடுத்த வாரம் ஷூ வாங்கி வந்தாய். வீட்டில் பழகுகிறேன் என்று என் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்ததும் நீதான். எண் அதிகமாக இருந்தது. டீ குடித்ததால் இருக்கும் என்று நான் மழுப்பினேன். "அம்மா, நாளைக்கு வெறும் வயித்துல பாக்கறோம். அப்புறம் டாக்டர்ட்ட போறோம். நீ வர, அவ்ளோதான்" என்றாய். எத்தனை வருடம் எத்தனை பேருக்கு நான் இப்படிச் சொல்லியிருப்பேன்! எனக்குச் சொல்ல ஒருவன் வந்துவிட்டான் என்று அன்றைக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்றால், நீ மதுரைக்குப் போக வேண்டும். அங்கே தெரிந்த முகம் இருக்காது. முதல் மாதம் எல்லோரும் உன்னைவிடக் கெட்டிக்காரர்களாகத் தெரிவார்கள். டாக்டர் வேகமாகச் சொல்லிவிட்டுப் போவார். கேள். மறுபடி கேள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும். தூக்கம் இல்லாமல் டபுள் டியூட்டி பார்க்கச் சொன்னால், ஒருநாள் பார், இரண்டாம் நாள் முடியாது என்று சொல். நான் முடியாது என்று சொன்னதே இல்லை, என் முழங்காலைப் பார். நோயாளியைத் தூக்கும்போது ஆள் சேர்த்துக்கொள். தண்ணீர் குடி. நீ உன்னைக் கவனித்துக்கொள்வது சுயநலம் என்று யாராவது சொன்னால் மூன்றாவது பெட்டை நினைத்துக்கொள். என்னைப் பார்த்துக்கொள்ள அப்பா லீவு போடுவார், உன் சித்தி வருகிறேன் என்றிருக்கிறாள். எனக்காக நீ எதையும் விட வேண்டாம்.

இதுவரை நேற்று எழுதி வைத்தேன். கை வலித்தது. இன்று முடித்து உன் பைக்குள் வைத்துவிடலாம் என்று இருந்தேன்.

இன்று காலை நீ மாடியில் போன் பேசுவது ஜன்னல் வழியாகக் கேட்டது. மதுரை ஆஸ்பத்திரி என்று முதல் வரியிலேயே புரிந்தது. வேலை வேண்டாம் என்று சொல்லப் போகிறாய் என்று நினைத்து நான் படியேற எழுந்தேன். கால் ஒத்துழைக்கவில்லை, முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அதனால் முழுதும் கேட்டேன். "சார், எங்கம்மாக்கு முழங்கால் மாத்தற ஆபரேஷன் இருக்கு. கூட இருக்கணும். அவங்க நடக்க ஆரம்பிச்சதும் வந்து சேர்றேன், அதுவரைக்கும் தேதி தள்ளித் தர முடியுமா?" என்றாய். அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள். "இல்ல சார், எனக்கு இந்த வேலை வேணும். அதனாலதான் மறைக்காம கேக்கறேன்" என்றாய். குரல் கொஞ்சம்கூட இறங்கவில்லை. பிறகு நன்றி சொன்னாய். கீழே இறங்கி வந்து, படியில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, "அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி ஜாயின் பண்ணச் சொல்லிட்டாங்கம்மா" என்றாய், ஏதோ பால் பாக்கெட் வாங்கி வந்தவன் மாதிரி.

வேலையை விடுவது, என்னை விடுவது என்று இரண்டே வழிதான் எனக்குத் தெரிந்திருந்தது. கேட்டுப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் வேலைக் காலம் முழுவதும் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை. உன்னைப் பெற்றபோதுகூட, லீவு நீட்டித் தருவீர்களா என்று கேட்கப் பயந்து, தையல் ஆறுவதற்குள் டியூட்டிக்குப் போனவள் நான்.

ஆகவே மேலே எழுதிய வாதத்தில் நான் தோற்றுவிட்டேன். அந்தப் பக்கங்களைக் கிழிக்கவில்லை, அவற்றையும் படித்துக்கொள். எனக்குச் சந்தோஷமா என்று கேட்டால், சந்தோஷப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது. நிம்மதி என்று வேண்டுமானால் சொல்லலாம். படியில் உன் கையைப் பிடித்து எழுந்தபோது, என் எடையை முழுசாக உன் மேல் போட்டேன். நீ அசையவில்லை. இதுவரை நான் யார் மேலும் அப்படிச் சாய்ந்ததில்லை.

ஒரே ஒரு விஷயம். ஆபரேஷன் முடிந்த மறுநாளே எழுப்பி நடக்க வைப்பார்கள். எனக்கு வலிக்கும். நான் நல்ல நோயாளியாக இருக்க மாட்டேன், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பேன். நான் பார்க்காத ஆபரேஷனா, எனக்குத் தெரியாதா என்பேன். அழுவேன். பெற்றவள் என்றுகூடப் பார்க்க மாட்டாயா என்று கேட்பேன். நீ என் பேச்சைக் கேட்காதே. என்னை எழுப்பி நடக்க வை.

அம்மா